எஸ்கியூலைட்: கொழுந்துக் கணக்கு எழுதும் ஓர் அறையில் பதினான்கு மாதங்கள்

கோத்தகிரியை அடுத்த ஒரு சிற்றூரில், சிறு தேயிலை விவசாயிகள் 83 பேர் சேர்ந்து நடத்தும் குழுவுக்கு நான் கணக்கு எழுதுகிறேன். காலையில் பறித்த கொழுந்து மாலை நான்கு மணிக்குள் எடைக் கொட்டகைக்கு வந்துவிடும். எடை போடுபவர் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பார். லாரி தொழிற்சாலைக்குப் புறப்பட்ட பிறகு, அந்தச் சீட்டுகளின் அடிக்கட்டைகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் என் மேசைக்கு வரும். அவற்றைக் கணினியில் ஏற்றி, மாதம் முடிந்து விலை தெரிந்ததும் முன்பணத்தையும் உரக்கடனையும் கழித்து, யாருக்கு எவ்வளவு என்று சொல்வதுதான் என் வேலை. இதற்காக எஸ்கியூலைட் என்னும் தரவுத்தள மேலாண்மை அமைப்பைப் பதினான்கு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். ஒருவர் ஒரு கணினியில் எழுதும் கணக்குக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்று என் கண்ணில் படவில்லை. அதே சமயம், நாம் எழுதுவதை எல்லாம் கேள்வி கேட்காமல் நம்பிவிடும் குணம் இதற்கு உண்டு, அந்தக் குணத்தால் எனக்கு இரண்டு முறை தலைகுனிவு ஏற்பட்டது. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அதற்கு முன்பு மூன்று ஆண்டுகள் எல்லாவற்றையும் ஒரு விரிதாளில்தான் வைத்திருந்தேன். விரிதாள் கெட்ட பொருள் அன்று. பத்துப் பேர் கணக்குக்கு அதுவே போதும். சிக்கல் எங்கே தொடங்கியது என்றால், ஒவ்வொரு வரியிலும் விவசாயியின் பெயர், ஊர், வங்கிக் கணக்கு எண் ஆகிய மூன்றையும் திரும்பத் திரும்ப எழுதியதில்தான். ஒருவர் வங்கியை மாற்றிக்கொண்டால், அவர் பெயர் வரும் வரிகள் அத்தனையையும் தேடித் திருத்த வேண்டும். நான் திருத்தியவை சில, விட்டுப்போனவை சில. எங்கள் குழுவில் போஜன் என்ற பெயரில் மூவர் இருக்கிறார்கள், மூவரில் இருவர் ஒரே ஹட்டிக்காரர்கள் (ஹட்டி என்பது இங்கே சிற்றூர்). மலைக்காட்டில் பெயரை நம்பிக் கணக்கு எழுதுவது, மூடுபனியில் முன்னே போகும் வண்டியின் பின்விளக்கை நம்பி ஓட்டுவது போன்றது. போதாக்குறைக்கு, வங்கிக் கணக்கு எண்களின் தொடக்கத்தில் நின்ற சுழியங்களை விரிதாள் எண்ணாகக் கருதி விழுங்கிவிட்டது. ஒரு மாதம் நான்கு பேருக்குப் பணம் போய்ச் சேராமல் திரும்பி வந்த பிறகுதான் அது எனக்குத் தெரிந்தது.

தரவுத்தளம் என்ற சொல்லும் தரவுத்தள மேலாண்மை அமைப்பு என்ற சொல்லும் ஒன்றுக்கு மற்றொன்றாகப் புழங்குவதால், வேறுபாட்டை முதலில் சொல்லிவிடுவது நல்லது. தேயிலைத் தோட்டத்தில் ஏடு வேறு, கணக்குப்பிள்ளை வேறு. ஏட்டில் இருப்பது செய்தி. அதில் யார் எழுதலாம், எந்தப் பத்தியில் எதை எழுதலாம், எழுதியதை எப்படித் தேடி எடுப்பது, பாதியில் விளக்கு அணைந்தால் என்ன செய்வது என்பவற்றைப் பார்த்துக்கொள்பவர் கணக்குப்பிள்ளை. ஒழுங்குபடுத்தி வைத்த செய்தித் தொகுதி தரவுத்தளம்; அதைக் காத்து நடத்தும் மென்பொருள் மேலாண்மை அமைப்பு. விரிதாளில் ஏடு மட்டுமே என்னிடம் இருந்தது, கணக்குப்பிள்ளையின் வேலையும் என் தலையிலேயே விழுந்திருந்தது.

பெரும்பாலான மேலாண்மை அமைப்புகளில் இந்தக் கணக்குப்பிள்ளை தனி அறையில் உட்கார்ந்திருப்பார். போஸ்ட்கிரஸ்எஸ்கியூஎல், மைஎஸ்கியூஎல் போன்றவற்றை நிறுவினால், கணினியில் ஒரு சர்வர் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும்; மற்ற மென்பொருள்கள் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து அதனிடம் போய்க் கேட்க வேண்டும். எஸ்கியூலைட்டில் தனி அறை கிடையாது. அது ஒரு சிறிய நிரலகமாக, அதாவது நிரல்களின் தொகுப்பாக, நாம் பயன்படுத்தும் மென்பொருளுக்குள்ளேயே குடியிருக்கிறது. தரவுத்தளம் முழுவதும் வட்டில் ஒரே ஒரு கோப்பாக இருக்கிறது. இப்படி அமைந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ரிச்சர்ட் ஹிப் என்ற அமெரிக்க நிரலாளர், அந்நாட்டுக் கடற்படையின் ஏவுகணைக் கப்பல் ஒன்றுக்கான மென்பொருளில் வேலை செய்துகொண்டிருந்தபோது, தரவுத்தளச் சர்வர் நின்றுவிட்டால் தம்முடைய மென்பொருளும் கைகட்டி நிற்க வேண்டியிருந்ததைக் கண்டார். சர்வரே இல்லாமல், கோப்பிலிருந்து நேரடியாகப் படிக்கும் ஒன்றை எழுதினால் என்ன என்று நினைத்ததன் விளைவுதான் 2000ஆம் ஆண்டில் வெளிவந்த எஸ்கியூலைட். அதன் மூலநிரலைப் பொதுவுடைமையாக விட்டுவிட்டார். விலையும் இல்லை, உரிமமும் இல்லை. ஆண்ட்ராய்டு, ஐபோன் ஆகிய இரு வகைக் கைப்பேசிகளிலும் அது உள்ளே இருக்கிறது என்பதால், இதை வாசிப்பவர்களில் பலர் தெரியாமலேயே அன்றாடம் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

எங்கள் அலுவலகம் என்பது எடைக் கொட்டகையை ஒட்டிய ஓர் அறை; அதில் மின்கலம் செத்துப்போன ஒரு பழைய மடிக்கணினி. எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும் சர்வர் ஒன்றைச் சுமக்கும் தெம்பு அதற்கு இல்லை. எஸ்கியூலைட்டை நேரடியாகக் கட்டளைகளால் இயக்கலாம். நான் பார்த்துச் சரிசெய்வதற்கு டிபி பிரவுசர் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். அன்றாடப் பதிவுக்கான சிறு திரையைப் பைதான் என்ற நிரல்மொழியில் எழுதிக் கொடுத்தவள், அப்போது பன்னிரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் அக்காள் மகள். தமிழ்நாட்டுப் பாடநூலின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில், தரவுத்தளக் கருத்துகளுக்கு ஒரு பாடமும், பைதான் வழியாக எஸ்கியூலைட்டைக் கையாள்வதற்கு ஒரு பாடமும் தமிழிலேயே இருக்கின்றன. புதிதாகக் கற்க விரும்புகிறவர்களுக்கு அந்த இரண்டு பாடங்களையும்தான் நான் முதலில் பரிந்துரைப்பேன். எஸ்கியூலைட்டின் சொந்த ஆவணங்கள் மிகத் தெளிவானவை. ஆனால் ஆங்கிலத்தில் மட்டுமே உள்ளவை.

அவள் முதல் நாள் என்னைக் கணினிக்கு முன்னால் உட்காரவே விடவில்லை. ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, "மாமா, நீங்க என்னென்ன பொருளைப் பத்திக் கணக்கு வைக்கிறீங்களோ அதுக்கு ஒவ்வொண்ணுக்கும் ஒரு கட்டம் போடுங்க" என்றாள். ஒரு மணி நேரம் அடித்துத் திருத்திய பிறகு நான்கு கட்டங்கள் மிஞ்சின: விவசாயி, வரவு, மாத விலை, பிடித்தம். இவையே நான்கு அட்டவணைகள் ஆயின. விவசாயி அட்டவணையில் ஓர் ஆளுக்கு ஒரே ஒரு வரி. உறுப்பினர் எண், பெயர், தந்தை பெயர், ஹட்டி, வங்கிக் கணக்கு எண் என்பவை அதன் பத்திகள். வரவு அட்டவணையில் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு வரி; அதில் பெயர் கிடையாது, உறுப்பினர் எண் மட்டுமே உண்டு. ஒருவரை மற்றவரிடமிருந்து ஐயமின்றிப் பிரித்துக் காட்டும் இந்த எண்ணை முதன்மைத் திறவுகோல் என்பார்கள். அதே எண் இன்னோர் அட்டவணையில் போய் நிற்கும்போது அது அயல் திறவுகோல். மூன்று போஜன்களும் இப்போது 12, 31, 58. கைப்பேசி எண்ணைத் திறவுகோலாக வைக்கலாமே என்று நான் கேட்டபோது, ஒரே வீட்டில் அப்பாவும் மகனும் ஒரே எண்ணைக் கொடுத்திருப்பதைப் பட்டியலில் எனக்குச் சுட்டிக்காட்டினாள்.

மாத விலைக்குத் தனி அட்டவணை எதற்கு என்பது நீலகிரிக்காரர்களுக்கு விளக்காமலே புரியும். இலை கொடுக்கும் நாளில் அதன் விலை யாருக்கும் தெரியாது. ஏலச் சராசரியை ஒட்டித் தேயிலை வாரியம் அறிவிக்கும் மாதச் சராசரி விலை பிறகுதான் வரும். விரிதாளில் விலை வந்ததும் அறுநூறு வரிகளுக்கும் அதை இழுத்து நிரப்பிக்கொண்டிருந்தேன், ஒரு வரி தப்பினாலும் கண்ணுக்குத் தெரியாது. இப்போது விலை ஓரிடத்தில் ஒரே வரியாக இருக்கிறது. ஒரு செய்தியை ஓரிடத்தில் மட்டும் எழுது, வேண்டிய இடத்தில் அதைச் சுட்டு என்பதைத்தான் இயல்பாக்கம் என்ற பெரிய சொல்லால் பாடநூல்கள் குறிக்கின்றன. இந்தச் சிந்தனைக்கு அடி போட்டவர் ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்த எட்கர் காட். அதற்கு முன் இருந்த அமைப்புகளில் செய்திகள் மரக்கிளைகள் போல ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கின. எந்தக் கிளை வழியாக இறங்கினால் எந்தச் செய்தி கிடைக்கும் என்பது நிரல் எழுதுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் அட்டவணைகளாக வைத்து, மதிப்புகளைக் கொண்டே ஒன்றை ஒன்றோடு பொருத்தலாம் என்று காட் 1970இல் கட்டுரை எழுதினார். அதே நிறுவனத்தைச் சேர்ந்த சேம்பர்லின், பாய்ஸ் இருவரும் 1974இல் அதற்கொரு வினவல் மொழியை வகுத்தார்கள். இன்றைய எஸ்கியூஎல் அதன் வாரிசு. அந்த மொழியில் எப்படித் தேடுவது என்று சொல்ல வேண்டியதில்லை, என்ன வேண்டும் என்று சொன்னால் போதும்.

நான் மாதாமாதம் இடும் வினவலைத் தமிழில் படித்தால் இப்படி இருக்கும்: வரவு அட்டவணையில் ஜூன் மாதத்து வரிகளை எடு, உறுப்பினர் எண் வாரியாக எடையைக் கூட்டு, அந்த மாத விலையால் பெருக்கு, அதே எண்ணுக்கு உரிய பிடித்தங்களைக் கழி, பெயரையும் வங்கிக் கணக்கையும் விவசாயி அட்டவணையிலிருந்து கொண்டுவந்து பக்கத்தில் வை. எண் 31 போஜன் 412 கிலோ கொடுத்திருக்கிறார், விலை 18 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 7,416 ரூபாய் வரும். முன்பணம் 3,000, உரம் 1,250 போக 3,166 ரூபாய் அவருக்குச் சேர வேண்டும். 83 பேருக்கும் இந்தப் பட்டியல் வர ஒரு நொடிகூட ஆவதில்லை. பிடித்தங்களை முன்கூட்டியே தனியாகக் கூட்டிக்கொள்ளாமல் இரண்டு அட்டவணைகளையும் நேரடியாகப் பொருத்தினால், ஒருவருக்கு இருபது வரவுகள் இருக்கும்போது உரக்கடனும் இருபது முறை கழிந்துவிடும் என்பதைப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டும். என்னுடைய முதல் சோதனைப் பட்டியலில் பாதிப் பேர் குழுவுக்குக் கடன்பட்டிருந்தார்கள்.

இந்த அமைப்பின் மீது எனக்கு உண்மையான மதிப்பு வந்தது ஒரு நவம்பர் மாலையில். கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பலமாகப் பெய்யும். அன்று அக்டோபர் மாதப் பட்டுவாடாவைப் பதிவு செய்துகொண்டிருந்தேன். ஒவ்வொருவருக்கும் வழங்கிய தொகையை எழுதும்போதே, குழுவின் கையிருப்பிலிருந்து அதே தொகையைக் குறைக்க வேண்டும். இரண்டில் ஒன்று நடந்து மற்றது நடக்காமல் போனால் கணக்கு நேராகாது. பாதிப் பேரைத் தாண்டியிருப்பேன். ரோட்டோரக் கற்பூர மரம் ஒன்று மின்கம்பி மீது சாய்ந்து, விளக்கும் மடிக்கணினியும் ஒன்றாக அணைந்தன. விரிதாள் காலத்தில் இதேபோல் ஒரு முறை சேமிக்கும் நேரத்தில் மின்சாரம் போய், கோப்பு திறக்கவே மறுத்து, ஒரு வாரத்துச் சீட்டுகளைப் பிஸ்கட் டப்பாவிலிருந்து மீண்டும் ஏற்றியிருக்கிறேன்.

மறுநாள் கணினியைத் திறந்தபோது, தரவுத்தளக் கோப்பின் பக்கத்தில் அதே பெயரோடு ஜர்னல் என்ற வாலைச் சேர்த்துக்கொண்ட இன்னொரு கோப்பு கிடந்தது. ஏதோ குப்பை என்று நினைத்து அழிக்கப் போனேன். அக்காள் மகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று கைப்பேசியை எடுத்ததால் தப்பித்தேன். எஸ்கியூலைட் ஒரு பக்கத்தை மாற்றுவதற்கு முன்பு, அந்தப் பக்கம் பழையபடி எப்படி இருந்தது என்பதை முதலில் அந்த ஜர்னல் கோப்பில் நகல் எடுத்து வைக்கிறது. வேலை முழுவதும் முடிந்து உறுதி செய்யப்பட்ட பிறகே ஜர்னலை அழிக்கிறது. அடுத்த முறை திறக்கும்போது ஜர்னல் அங்கேயே கிடந்தால், முந்தைய வேலை நடுவில் அறுந்துவிட்டது என்று அறிந்து, பழைய பக்கங்களைத் திரும்ப எடுத்து வைத்துவிடுகிறது. நான் அதை அழித்திருந்தால், மீட்பதற்கான வழியை நானே அடைத்திருப்பேன். கோப்பைத் திறந்தேன், ஜர்னல் தானே மறைந்தது. பின்னால் சேர்த்த பட்டுவாடா அட்டவணையில் அக்டோபருக்கு ஒரு வரியும் இல்லை, கையிருப்பு முந்தைய நாள் இருந்த தொகையிலேயே நின்றது. இதைத்தான் பரிவர்த்தனை என்கிறார்கள்: ஒன்று எல்லாம் நடக்கும், இல்லாவிட்டால் எதுவுமே நடந்திருக்காது. நாற்பது பேருக்கு மேல் எழுதியது போயிற்றே என்று ஒரு கணம் வருந்தினாலும், எதுவரை எழுதினேன் என்று தெரியாத பாதிக் கணக்கைவிட வெறும் பக்கம் எவ்வளவோ மேல். இந்தக் கோட்பாட்டை வளர்த்த ஜிம் கிரேக்கு 1998இல் கணினித் துறையின் உயரிய டியூரிங் விருது கிடைத்தது என்று பிறகு படித்தபோது, எனக்கு அது நியாயமாகவே பட்டது.

இனி குறைகள். எஸ்கியூலைட்டில் ஒரு பத்தியை எண் என்று அறிவித்தாலும், அதில் எழுத்தை இட்டால் பெரும்பாலும் மறுக்காது. எண்ணாக மாற்ற முடிந்தால் மாற்றும், முடியாவிட்டால் எழுத்தாகவே வைத்துக்கொள்ளும். ஆக்கியவர்கள் இதைக் குறையாகக் கருதுவதில்லை, நெகிழ்வு என்கிறார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மழையில் தராசு சரியாக நிற்காததால், எடை போடுபவர் ஒரு சீட்டில் "சுமார் 42" என்று எழுதியிருந்தார். நானும் சீட்டில் உள்ளபடியே பதிந்தேன். அட்டவணை ஏற்றுக்கொண்டது, மாதக் கடைசியில் கூட்டும்போது அந்தச் சொற்களைச் சுழியமாக எடுத்துக்கொண்டது. பட்டுவாடா நாளன்று, தன் சீட்டுகளை முந்தானையில் முடிந்துகொண்டு வந்திருந்த ஓர் அம்மாள், "அண்ணே, மழையில நனைஞ்சு நனைஞ்சு கொண்டாந்த மூட்டை எங்க போச்சு?" என்று கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. 42 கிலோ என்பது அவருக்கு இரண்டு நாள் உழைப்பு. தவறு என்னுடையதுதான்; ஆனால் வாசலில் நிற்கும் காவலாளி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கேட்க வைக்க வழி இருக்கிறது. 2021இல் வந்த 3.37ஆம் பதிப்பிலிருந்து, அட்டவணையை உருவாக்கும்போது ஸ்டிரிக்ட் என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால், அறிவித்த வகைக்குப் பொருந்தாத எதையும் அது ஏற்காது. ஏற்கெனவே உள்ள அட்டவணையை அப்படி மாற்ற முடியாததால், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து புதிய அட்டவணையை அமைத்து, பழைய வரிகளை அதற்குள் நகர்த்தினேன். நகரும்போது இன்னும் இரண்டு வரிகள் வாசலில் மாட்டிக்கொண்டன, அவற்றில் ஒன்று என் சொந்த மைத்துனருடையது. எடை சுழியத்துக்கு மேலும் இருநூறுக்குக் கீழும்தான் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் அப்போதே சேர்த்துவிட்டேன்.

அயல் திறவுகோலிலும் இதே கதைதான். இல்லாத உறுப்பினர் எண்ணுக்கு வரவு எழுத முயன்றால் மறுக்கும் வசதி இதில் உண்டு. ஆனால் அது இயல்பாக அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. பழைய மென்பொருள்கள் பழுதுபடாமல் இருப்பதற்காக அப்படி விட்டிருக்கிறார்கள். கோப்பை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஒரு கட்டளை கொடுத்து அதை இயக்க வேண்டும். எங்கள் பதிவுத் திரையில் அந்த ஒரு வரி விட்டுப்போயிருந்ததால், 83 பேர் மட்டுமே உள்ள குழுவில் 104ஆம் எண்ணுக்கு மூன்று மூட்டைகள் வரவாகியிருந்தன. 14 என்று படிக்க வேண்டிய கையெழுத்து அது. அந்தப் பதினான்காம் எண்காரர் பெருந்தன்மையாகச் சிரித்துவிட்டுப் போனார், அதுவே எனக்கு அதிகமாக உறுத்தியது.

பணத்துக்கும் தேதிக்கும் தனி வகைகள் இதில் இல்லை. பின்ன எண்களாகப் பணத்தை வைத்தால், இரும எண்முறையில் பத்துப் பைசாவைச் சரியாகக் குறிக்க முடியாததால் கூட்டலில் எங்கோ ஒரு துளி வழுக்கும். ஆகவே ரூபாயைப் பைசாவாகவும் கிலோவைக் கிராமாகவும் மாற்றி முழு எண்களாக வைக்கிறேன். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுத வேண்டும். நம் வழக்கப்படி நாளை முதலில் எழுதினால், அது வெறும் எழுத்துத் தொடராகவே பார்க்கப்பட்டு, ஜூலை ஒன்றாம் தேதி ஜூன் இரண்டாம் தேதிக்கு முன்னால் போய் நின்றுவிடும்.

தமிழில் எழுதுவோர் கவனிக்க வேண்டிய சங்கதி தனியே இருக்கிறது. யூனிகோடுத் தமிழை எஸ்கியூலைட் எந்தச் சிரமமும் இல்லாமல் வாங்கிக்கொள்கிறது, ஆனால் அதற்குத் தமிழ் தெரியாது. கோத்தகிரி என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 9 என்கிறது. நமக்கு அது ஐந்து எழுத்து. புள்ளியையும் உயிர்க்குறிகளையும் தனித்தனியே எண்ணுவதால் வரும் வேறுபாடு இது. அகரவரிசை இன்னும் சுவையானது. அகராதியில் ண் முன்னும் ணே பின்னும் வருவதால் கண்ணன் முதலிலும் கணேசன் அடுத்தும் நிற்க வேண்டும். யூனிகோடு வரிசையில் புள்ளி எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் இருப்பதால் இங்கே கணேசன் முந்திக்கொள்கிறார். ஜானகி, சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். உறுப்பினர் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டியபோது வேறு யாரும் இதைக் கவனிக்கவில்லை. ஓய்வுபெற்ற தமிழாசிரியரான எங்கள் முன்னாள் செயலாளர் மட்டும் பென்சிலால் அம்புக்குறி போட்டுவிட்டுப் போயிருந்தார். மொழிவாரி வரிசைக்கான நீட்சி ஒன்றை இணைத்தால் இது தீரும் என்கிறார்கள். நான் அந்த வம்புக்குப் போகாமல், உறுப்பினர் எண் வரிசையிலேயே பட்டியலை அச்சிட்டுவிடுகிறேன்.

வரிசைகூடப் பரவாயில்லை, சமம் பார்ப்பதில்தான் கணக்கே தவறும். கௌரி என்ற பெயரை ஔகாரக் குறியோடு எழுதலாம். ஒற்றைக் கொம்புக்குப் பின் ளகரத்தை இட்டுக் கெளரி என்றும் பலர் தட்டச்சு செய்கிறார்கள். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், தரவுத்தளத்துக்கோ அவர்கள் இருவேறு பெண்கள். புது உறுப்பினர் சேர்க்கையின்போது பெயரைத் தேடிப் பார்த்து, இல்லை என்று நம்பி, ஒரே கௌரிக்கு இரண்டு எண்கள் கொடுத்துவிட்டேன். அவருடைய உரக்கடன் ஓர் எண்ணிலும் இலை வரவு மற்றோர் எண்ணிலும் ஏறிக்கொண்டிருந்தன. இப்போது பதிவுத் திரையே அந்த ளகரத்தைக் கண்டால் திருத்திவிடுகிறது. இது எஸ்கியூலைட்டுக்கு மட்டும் உரிய குறை அன்று, எந்த அமைப்பிலும் தமிழ்ப் பெயர்களுக்கு இந்தக் காவல் தேவை.

பாதுகாப்பைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று: இதில் பயனர் கணக்கு, கடவுச்சொல் எதுவும் கிடையாது, கோப்பு யார் கையில் இருக்கிறதோ அவருக்கு எல்லாம் தெரியும். 83 பேரின் வங்கி எண்கள் அதில் இருப்பதால் மடிக்கணினியின் வட்டையே பூட்டி வைத்திருக்கிறேன். கோப்பை மறையாக்கம் செய்யும் நீட்சியை எஸ்கியூலைட்டின் ஆக்குநர்கள் விலைக்குத்தான் தருகிறார்கள். காப்புநகல் எடுப்பது எளிது, பென்டிரைவில் ஒரு கோப்பை எடுத்து வைத்தால் முடிந்தது. ஆனால் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் நகல் எடுக்கக் கூடாது. பதினான்கு மாதத்தில் ஒன்பதாயிரம் வரிகளைத் தாண்டியும், என் கோப்பு கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தின் அளவைக்கூட எட்டவில்லை.

கீழ்ஹட்டியில் இரண்டாவது எடைக் கொட்டகை திறக்கப் போகிறோம் என்று குழுவில் முடிவானபோதுதான் இதன் எல்லை எனக்குத் தெளிவானது. ஒரே நேரத்தில் பலர் படிக்கலாம், எழுதுபவர் ஒருவராகத்தான் இருக்க முடியும். கோப்பை வலைப்பின்னலில் பகிர்ந்து இரு கணினிகளிலிருந்து எழுதுவதை அதன் ஆவணங்களே வேண்டாம் என்கின்றன, ஏனெனில் அங்கே கோப்புப் பூட்டுகளை நம்ப முடியாது. ஆகவே போஸ்ட்கிரஸ்எஸ்கியூஎல்லை நிறுவி இரண்டு வாரம் ஒத்திகை பார்த்தேன். 1986இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வின் தொடர்ச்சி அது. பணத்துக்கு உகந்த தசம வகை, முறையான தேதி வகை, ஆளுக்கேற்ற அனுமதி எல்லாம் உண்டு. "சுமார் 42" அங்கே வாசற்படி தாண்டாது. ஆனால் அதற்குச் சர்வரைக் கவனிக்க ஓர் ஆள் வேண்டும், இரு கொட்டகைகளுக்கும் நடுவே அறுந்துபோகாத இணைப்பு வேண்டும். எங்கள் பழைய மடிக்கணினி அந்த இரண்டு வாரமும் மூச்சு வாங்கியது.

புதிய கணினிக்குக் குழு நிதி ஒதுக்கியிருக்கிறது. அது வந்ததும் மாறிவிடுவேன். அட்டவணைகளும் திறவுகோல்களும் அப்படியே போகும். பைசாவையும் தேதியையும் உரிய வகைகளுக்கு மாற்றுவதும், வினவல்களில் சில தேதிச் செயற்கூறுகளைத் திருத்துவதும்தான் வேலை. கீழ்ஹட்டிக் கொட்டகையில் இணைப்பு இல்லாத நாள்களில் வரவைப் பதிந்து வைக்க, அங்குள்ள கைப்பேசியில் எஸ்கியூலைட் கோப்பு ஒன்றை வைத்துக்கொள்வது என்று இப்போதைக்கு அக்காள் மகளும் நானும் பேசி வைத்திருக்கிறோம்.